நாலாவது பங்குக்காரன்

எட மோனை, உன்ரை அறைக் கதவிலை ஒட்டியிருக்கிற துண்டை வாசிச்சனான். 'எழுதிக்கொண்டிருக்கிறன், குழப்பவேண்டாம்' எண்டு நோர்வே மொழியிலை ஒருக்கால், தமிழிலை ஒருக்கால். தமிழிலை எழுதினது எனக்கெண்டு விளங்கினது. அதாலை நுனிக்காலிலை நடந்து குசினிக்குப் போய், செருமலையும் அடக்கிக்கொண்டு தண்ணி குடிச்சிட்டு வந்தன். கதவு நீக்கலாய்க் கிடந்தது. உள்ளை ஃபோன் வெளிச்சம் பச்சையும் நீலமுமாய் மாறி மாறி அடிக்குது. இடைக்கிடை சனம் கைதட்டிச் சிரிக்கிற சத்தம். இந்தக் காலத்து நாவல் எழுதேக்கை அப்பிடியும் சத்தம் போடுமாக்கும். எனக்கென்ன தெரியும், நான் ஏழாலைப் புகையிலைக் கமக்காரன்.

உனக்கு நேரமில்லை. ஒத்துக்கொள்ளுறன். பிளிண்டர்ன் கம்பஸிலை படிப்பு, வெய்யில் வந்தால் லீயர்ப் பக்கம் ஸ்ட்ரோபெரி பிடுங்கப் போறாய், பனி வந்தால் சனி ஞாயிறிலை முதியோர் இல்லத்திலை வேலை, வீட்டிலை அம்மப்பா எண்டொரு ஆய்க்கினை. இதுக்குள்ளை நாவலுக்கு எங்கை இடம்? ஸ்ட்ரோபெரி பிடுங்கினது மூண்டு கிழமை. அதைப்பற்றின நாவல் மூண்டு வருஷமாய் முதலாம் அத்தியாயத்திலை நிக்குது. அந்தத் தோட்டம் அதுக்குள்ளை மூண்டு தரம் காய்ச்சு ஓஞ்சிட்டுது.

வடிவாய் எழுதாமல் இருக்கிறதுக்கு நான் ஒரு வழி சொல்லுறன், கேள். 'சோதினை முடியட்டும்' எண்டு சொல்லு. சோதினை முடிஞ்சால் 'கோடை வேலை முடியட்டும்' எண்டு சொல்லு. அதுவும் முடிஞ்சால் 'மனம் ஆறட்டும்' எண்டு சொல்லு. மனம் ஆற முதல் அடுத்த தவணை துவங்கிவிடும். பயப்பிடாதை, இந்த நாட்டிலை பொறுத்திருக்கிறதுக்கெண்டே ஒரு காடு வைச்சிருக்கினம். ஒஸ்லோவுக்கு வடக்கை நூர்மார்க்காவிலை 2014-லை கேற்றி பற்றர்சன் எண்ட ஸ்கொட்லாந்துக்காரி நத்தார் மரச் சாதியிலை ஆயிரம் கண்டு நட்டவ. வருஷத்துக்கு ஒரு எழுத்தாளர் ஒரு கையெழுத்துப்படி குடுக்கவேணும். ஒருத்தரும் அதை வாசிக்கேலாது. 2114-லை அந்த மரங்களை வெட்டிக் கடதாசி செய்து, அதிலைதான் எல்லாத்தையும் அச்சடிப்பினம். முதல் ஆளாய்ச் சம்மதிச்சவ கனடாவின்ரை மார்கரெட் அற்வுட். படிகளுக்கெண்டு பியோர்விக்கா கடற்கரைத் தைக்மான் நூலகத்தின்ரை மேல்மாடியிலை ஒரு சின்ன மரஅறை 2022-லை திறந்திருக்கினம். நீ 'எழுதப் போறன்' எண்டு போய்க் கோப்பி குடிச்சிட்டு வாற அதே நூலகந்தான்.

உனக்கும் அங்கை ஒரு லாச்சி கேட்டுப் பாக்கலாம் எண்டு யோசிச்சன். ஆனால் ஒரு சிக்கல். அவையள் எழுதி முடிச்சிட்டல்லோ ஒளிச்சு வைச்சிருக்கினம்.

சரி, பகிடியை விடு. நீ படிக்கிற அதே யூனிவசிற்றியிலை நூறு வருஷத்துக்கு முந்தி நூர்டால் கிரீக் எண்டொரு பெடியன் படிச்சவன். அவனுக்கு நில்ஸ் லீ எண்டொரு கூட்டாளி. ரண்டு பேற்றை கையிலும் சல்லி இல்லை. அப்ப இந்த ஊருக்குக் கிறிஸ்தியானியா எண்டு பேர். ஒஸ்லோ எண்டு மாத்தினது 1925-லை. காசு வேணும் எண்ட ஒரே நோக்கத்தோடை, பேர்கன் ரயிலைக் கொள்ளையடிக்கிற கதை ஒண்டை ரண்டு பேருமாய்ச் சேந்து எழுதிச்சினம். இலக்கியம் எண்ட எண்ணமே இல்லை. சொந்தப் பேரைப் போட வெக்கம். யொனாத்தான் யார்வ் எண்டு ஒரு கள்ளப் பேர். கிரீக்கின்ரை தமையன் ஹரால்ட் பதிப்பகத்திலை இருந்தவர், சரியான சுழியன். 1923 மார்ச் 24, குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், ஆஃப்தன்போஸ்தன் பேப்பரின்ரை முன்பக்கத்திலை கொட்டை எழுத்திலை 'பேர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளை' எண்ட மாதிரிப் புத்தகத்தின்ரை பேரைப் போட்டு விளம்பரம் குடுத்தார். சனம் விளம்பரம் எண்டு காணேல்லை. செய்தி எண்டு நினைச்சு, அந்த ரயிலிலை போன தங்கடை ஆக்களுக்கு என்ன நடந்ததோ எண்டு அந்தரப்பட்டுது. புத்தகம் பிச்சுக்கொண்டு போச்சுது.

அண்டு துவங்கின பழக்கம் இண்டைக்கும் விடேல்லை. உயிர்த்த ஞாயிறு லீவு வந்தால் நோர்வேக்காரர் தோடம்பழமும் சொக்கிலேற்றும் கட்டிக்கொண்டு மலைக்குடிலுக்குப் போய்க் கொலைக்கதை வாசிப்பினம். ரி.வி.யிலும் கொலை. காலமை பால் ஊத்தப் பெட்டியை எடுத்தால் அதிலும் துப்பறியிற படக்கதை. ஒரு நாட்டின்ரை பெருநாள் வழக்கத்தையே காசில்லாத ரண்டு மாணவர் உண்டாக்கிப் போட்டினம். கதவிலை துண்டு ஒட்டினவையோ தெரியாது. வாடகை அறைக் கதவு, சொந்தக்காரன் விட்டிருக்க மாட்டான்.

உந்தக் கிரீக் அதுக்கு முதலே ஒரு வேலை செய்தவர். 1920-லை படிப்பை அந்தரத்திலை விட்டிட்டுச் சரக்குக் கப்பலிலை கடலோடியாய் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுத்தி அவுஸ்திரேலியா வரை போய் வந்தவர். வந்து 1922-லை கவிதைப் புத்தகம், 1924-லை நாவல். நாவலை வாசிச்சிட்டுக் கப்பல்காரர் கொதிச்சது வேறை கதை. கப்பலின்ரை பேர் என்ன எண்டு நினைக்கிறாய்? ஹென்ரிக் இப்சன்.

இப்சனைச் சொன்னால் நீ நெஞ்சை நிமிர்த்துவாய். அவர் உன்னை விட மோசம். கிறிம்ஸ்தாட் எண்ட சின்னத் துறைமுகத்திலை மருந்துக்கடை எடுபிடி. பகல் முழுக்கப் பொடி இடிச்சு, பின்னேரம் யூனிவசிற்றி அனுமதிச் சோதினைக்குப் படிச்சு, இரவிரவாய் 'கத்திலினா' எண்ட நாடகத்தை எழுதினவர். கன வருஷத்துக்குப் பிறகு தானே சொன்னார், அந்த நாடகத்திலை அனேகமாய் எல்லாம் இரவிலை நடக்கிறது தான் இரவிலை எழுதினதாலையாக்கும் எண்டு. 1850-லை கள்ளப் பேரிலை அச்சடிச்சினம். காசு போட்டது ஒரு சிநேகிதன். கொஞ்சந்தான் வித்தது. மிச்சத்தைக் கட்டிக் கழிவுக் கடதாசியாய் வித்து, ரண்டு பேரும் அந்தக் காசிலை சாப்பிட்டவையாம். அதே வருஷம் இஞ்சை வந்து சோதினை எழுதி, கிரேக்கத்திலும் கணக்கிலும் கோட்டை விட்டார். நீ இதைக் கொம்மாவுக்குச் சொல்லாதை. ஸ்டற்றிஸ்ரிக்ஸ் பேப்பருக்கு இப்சனைச் சாட்சிக்குக் கூப்பிட்டியெண்டால் தெரியும் சேதி. அந்த மருந்துக்கடையிலை பதினெட்டு வயதிலை அவர் வேலைக்காரப் பெண்ணுக்குப் பிள்ளையைக் குடுத்திட்டு, வருஷக்கணக்காய்ப் பராமரிப்புக் காசு கட்டினதையும் சேத்துப் படி. பெரிய ஆக்களின்ரை இரவுக்கு வேறை ஆரோ ஒருத்தர் விலை குடுக்கிறது புதுக் கதையில்லை.

எங்கடை ஆக்கள் இஞ்சை வந்த விதமும் படிப்புத்தான். 1956-லை யாழ்ப்பாணத்திலை இருந்து அன்ரனி ராஜேந்திரம் எண்டவர் வந்தார். பேந்து எழுபதுகளின்ரை கடைசியிலும் எண்பதுகளிலும் பெடியள் வந்தது ஃபொல்க்கஹொய்ஸ்கூல எண்ட விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கு. அங்கை சோதினை கிடையாது. சோதினைக்குள்ளையே பிறந்து வளந்த யாழ்ப்பாணத்துப் பெடியளைக் கொண்டுவந்து சோதினை இல்லாத பள்ளிக்கூடத்திலை விட்டால் என்ன செய்வினம்? பாட்டுப் படிச்சினம், பனியிலை சறுக்கி விழுந்தினம், லீவு வர வடக்கை ஃபின்மார்க்குக்கு மீன் வெட்டப் போச்சினம். நானும் பிந்தி வந்த கிழட்டுப் பெடியனாய் அந்தக் கூட்டத்தோடை நிண்டனான்.

மீன் ஃபக்டறி எண்டால் நீ படத்திலை பாத்திருப்பாய். கொட் மீன் வரத் துவங்கினால் ஓயாது. முழங்கால் மட்டும் றப்பர்ச் சப்பாத்து, மஞ்சள் எண்ணெய்ச்சீலை அங்கி, பெல்ற்றிலை வாற மீனை முள்ளெடுத்து மற்றப் பக்கம் தள்ளவேணும். கையுறைக்கு உள்ளையும் விரல் விறைக்கும். எங்களோடை நெடுந்தீவுப் பெடியன் ஒருத்தன். தேத்தண்ணி இடைவேளையிலை மீன்பெட்டிக்கு ஒட்டுற துண்டைத் திருப்பிப் போட்டுக் கவிதை எழுதுவான். பேனை எழுதாது, கடதாசி ஈரம்; பென்சிலாலை எழுதுவான். நவம்பர் கடைசியிலை போற சூரியன் அங்கை ஜனவரியிலைதான் திரும்பி எட்டிப் பாக்கும், அதாலை பகல் எண்டும் இல்லை இரவு எண்டும் இல்லை, ஷிஃப்ற் மட்டுந்தான். அந்த ஷிஃப்றுக்கு நடுவிலை பத்து நிமிஷம். போர்மன் மணி அடிக்கப் பென்சிலைக் காதிலை செருகிக்கொண்டு எழும்புவான். சொல்லொண்டு அரைவாசியிலை நிண்டால் நிண்டதுதான். அடுத்த இடைவேளையிலை அந்த அரைவாசியிலை இருந்துதான் தொடங்குவான். அந்தத் துண்டிலை மீன் மணக்கும், கவிதை பரவாயில்லை.

அப்பிடியான கையளாலைதான் எண்பதுகளின்ரை கடைசியிலும் தொண்ணூறுகளிலும் 'சுவடுகள்' எண்ட சஞ்சிகை நோர்வேயிலை இருந்து வந்தது. வ.ஐ.ச. ஜெயபாலன் மாதிரிக் கவிஞர்மாரும் இஞ்சைதான் இருந்தவை. அவர் பேந்து 'ஆடுகளம்' படத்திலை பேட்டைக்காரனாய்ச் சேவல் பிடிச்சது உனக்குத் தெரியும். இதையெல்லாம் கூட்டங்களிலை மேடை போட்டுப் பேசுவினம். மேடையிலை பேசாத ஒண்டை நான் சொல்லுறன். சின்ன ஃபிளாற்றிலை பத்துப் பேர் கூடி, உலகத் தமிழிலக்கியத்தை இரவிரவாய்த் தூக்கி நிமித்தினவை. குசினிக்குள்ளை நிண்டு ரோல்ஸ் பொரிச்சதும், தேத்தண்ணி ஊத்தினதும், பிள்ளையை நித்திரையாக்கினதும், விடிய நாலரைக்கு எழும்பித் துப்புரவு வேலைக்குப் போனதும் ஆர்? தொண்ணூறுகளிலை 'சக்தி' எண்டு பெண்கள் சஞ்சிகை ஒண்டு இதே நாட்டிலை இருந்து வந்ததெண்டால், தேத்தண்ணி ஊத்தினவைக்கும் சொல்லக் கனக்க இருந்திருக்கு எண்டுதானே அர்த்தம்?

இஞ்சைதான் நான் உனக்கு எங்கடை கிணத்தைப்பற்றிச் சொல்லவேணும். ஏழாலையிலை எங்கடை தோட்டக் கிணறு பங்குக் கிணறு. நாலு பங்குக்காரர். காணி உறுதியிலேயே எழுதியிருக்கும், நாலிலை ஒரு பங்கு கிணறும் வாய்க்காலும் எண்டு. செவ்வாய் காலமை ஒருத்தற்றை இறைப்பு முறை, பின்னேரம் மற்றவற்றை முறை. முறைக்காரன் வரேல்லையெண்டால் தண்ணி அவனுக்காக நிக்காது. அடுத்தவன் வந்து வாய்க்காலைத் தன்ரை பாத்திப் பக்கம் திருப்பிப் போடுவான். முறை மாறி இறைச்சவனுக்கு மண்வெட்டிப்பிடி அடி விழுந்த கதையும் இருக்கு. நாலு பேரிலை ஒருத்தர் சரியான சாது. முறை தப்பினாலும் சத்தம் போடமாட்டார். என்ன நடந்தது? மூண்டு பேற்றை வெங்காயம் செழிச்சு நிண்டது, அவற்றை பாத்தி வெடிச்சது.

உன்ரை நாளும் பங்குக் கிணறுதான். கம்பஸ் ஒரு பங்கு. அது சோதினைத் திகதியோடை வந்து கத்தும். வேலை ஒரு பங்கு. அது ரெலிபோனிலை கூப்பிட்டுக் கத்தும். வீடு ஒரு பங்கு. எழுத்துத்தான் அந்தச் சாதுப் பங்குக்காரன். அவனுக்குச் சின்ன முறை காணும், அரை மணித்தியாலம் காணும், ஆனால் உறுதியிலை எழுதியிருக்கவேணும். நீ என்ன செய்யிறாய்? அவன்ரை முறையிலை ஃபோனுக்கு இறைக்கிறாய். பிறகு எழுத்துக்குத் தண்ணி இல்லையெண்டு, கத்தத் தெரியாத இன்னொரு பங்குக்காரியின்ரை வாய்க்காலை வெட்டித் திருப்புறாய். அவ ஆர் எண்டு சொல்லவேணுமே? பின்னேர ஷிஃப்ற் முடிஞ்சு இரவு பதினொண்டுக்கு வந்து, சப்பாத்துக் கழட்ட முதல் உன்ரை சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவுறவ. கதவிலை துண்டு ஒட்டியிருக்கிறதாலை தட்டாமல், கதவடியிலை தேத்தண்ணியை வைச்சிட்டுப் போறவ. அவ உனக்குத் தாய்; எனக்கு மோள். நான் நடுநிலையாய்க் கதைக்கிறன் எண்டு நினைக்காதை.

இந்த ஊரிலையே ஒரு பொம்பிளை இருந்தவ. சீக்ரிட் உண்ட்செட். பதினொரு வயதிலை தகப்பன் செத்துப்போனார். பதினாறு வயதிலை ஒரு ஜேர்மன் மின்சாரக் கொம்பனியின்ரை கந்தோரிலை செக்கிறற்றரி வேலை. யூனிவசிற்றிப் பக்கம் போக வசதியில்லை. பகல் மற்றவையின்ரை கடிதம் அடிச்சு, இரவிலை தன்ரை கதை எழுதி, பத்து வருஷம். முதல் எழுதின சரித்திர நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பி, உங்களுக்குச் சரித்திரம் சரிவராது, இந்தக் காலத்துக் கதை எழுதிப் பாருங்கோ எண்ட மாதிரிப் புத்தி சொன்னது. சரியெண்டு 1907-லை இந்தக் காலத்துக் கதையோடை வந்தா. பிறகு கலியாணம், பிள்ளையள், வளக்கிற பிள்ளையள், கலியாணம் முறிஞ்சு லில்லஹாமரிலை தனி வீடு. பிள்ளையள் நித்திரையான பிறகு இராமுழுக்க இருந்து, 1920-க்கும் 1922-க்கும் இடையிலை 'கிறிஸ்தின் லாவ்ரான்ஸ்தத்தர்' மூண்டு பாகம். அதே 'சரிவராத' சரித்திர நாவல். 1928-லை நோபல் பரிசு. கவனி, அவ நேரம் களவெடுத்தது தன்ரை நித்திரையிலை இருந்து. கதவடியிலை தேத்தண்ணி வைக்க அவவுக்குத் தாய் இருந்ததெண்டு நான் கேள்விப்படேல்லை.

நித்திரை முழிக்கச் சொல்லேல்லை நான். பயப்பிடாதை. உண்ட்செட்டுக்கு லோனெகாசென் எண்ட படிப்புக்கடன் நிதி இல்லை, உனக்கு இருக்கு. 1947-லை இருந்து இந்த அரசாங்கம் பிள்ளையளுக்குப் படிக்கக் கடன் குடுக்குது. அதிலும் ஒரு பகிடி இருக்கு. வேறை இடத்திலை இருந்து படிச்சுச் சோதினையும் பாஸ் பண்ணினால் கடனிலை 40 வீதம் வரை மானியமாய் மாறும். தாய் தேப்பனோடை இருந்து படிச்சால் முழுக்கக் கடன். எங்கடை அம்மாமாற்றை புட்டையும் சம்பலையும் நோர்வே அரசாங்கம் அவ்வளவு பெறுமதியாய் மதிச்சிருக்குது. நீ வீட்டிலை இருக்கிறாய். மானியத்தை வேண்டாமெண்டு போட்டுக் கொம்மாவின்ரை சமையலைத் தெரிவு செய்திருக்கிறாய் எண்டு பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளலாம், கோப்பையையும் நீயே கழுவினால். கோடை வேலைக் காசிலும் சட்டம் உன்ரை பக்கம். 2025-லை இருந்து வருஷம் ஒரு லட்சம் குரோனர் மட்டும் வரியில்லாமல் உழைக்கலாம். போன வருஷச் சம்பளத்திலை குறைஞ்சது 10.2 வீதம் லீவுக் காசாய் ஜூனிலை வரும். போன முறை அந்தக் காசுக்கு என்ன வாங்கினனீ? காது மூடுற ஹெட்ஃபோன். எதுக்கெண்டு கேட்டால், எழுதேக்கை சத்தம் கேக்காமல் இருக்கவாம். வீட்டிலை சத்தம் போடுறது ஆர்? நுனிக்காலிலை நடக்கிற நானோ?

இந்த வீட்டிலை இருந்து ரொம்மன் ஸ்ரேசனுக்கு நடை தூரம். அஞ்சாம் நம்பர் ரயில் ஏறினால் இறங்கி மாறாமல் நேரை பிளிண்டர்ன். போக அரை மணித்தியாலத்துக்கு மேலை, வரவும் அப்பிடித்தான். குளிர் இல்லை, மீன் மணமில்லை, போர்மன் இல்லை. காலமை எங்கடை பக்கத்திலை இருந்து ஏறினால் இருக்க இடமும் கிடைக்கும். ஸ்தொவ்னர் ஆக்கள் முந்தி ஏறியிருந்தாலும் ஒரு மூலை கிடைக்கும். ஒரு கொப்பியும் பென்சிலும் காணும். அந்த ரயில் உன்ரை சாதுப் பங்குக்காரன்ரை முறை. கொம்மாவுக்கும் நட்டமில்லை, கம்பஸுக்கும் நட்டமில்லை, நட்டப்படுறது உந்தக் கைதட்டிச் சிரிக்கிற சனம் மட்டுந்தான். அவையள் உன்னைத் தேட மாட்டினம்.

சோதினைக் காலத்திலை அந்த முறையையும் படிப்புக்குக் குடுக்க வரும். குடு. வெங்காயம் பிடுங்கிற நேரம் நாங்களும் முறை மாத்திக் குடுக்கிறனாங்கள். ஆனால் வாங்கினவன் திருப்பித் தரவேணும். ஜூனிலை கம்பஸிட்டைக் கேட்டு வாங்கு.

இன்னொண்டு. வீட்டு ஆக்களை எழுதப் போறியெண்டு தங்கச்சி விடுப்புச் சொன்னாள். இந்த நாட்டிலை கார்ல் ஓவெ க்னவுஸ்கோர் எண்டொருத்தர் 2009-க்கும் 2011-க்கும் இடையிலை ஆறு பாகத்திலை, கிட்டத்தட்ட 3,600 பக்கத்திலை தன்ரை குடும்பத்தை அவிட்டு வெய்யிலிலை காயப் போட்டவர். சனம் அள்ளிக்கொண்டு போய் வாசிச்சது. தகப்பன்ரை சகோதரம் வழக்குப் போடுவன் எண்டு வெருட்டினது. அந்த வெருட்டலையும் கடைசிப் பாகத்திலை எழுதிப்போட்டார், மனுசன்.

நீ என்னைப்பற்றி எழுது. புகையிலை வித்த காசிலை பவுண் வாங்காமல் சைக்கிள் வாங்கினதை எழுது, கொம்மம்மா ஒரு மாதம் கதையாமல் இருந்ததை எழுது, தலைமயிர் மட்டும் கொஞ்சம் கூட்டி எழுது. நான் வழக்குப் போடமாட்டன். பென்சன் காசு அப்புக்காத்தின்ரை ஒரு கடிதத்துக்கும் காணாது. கொம்மாவை எழுத முதல் அவவிட்டை ஒருக்கால் கேள். அவ முழுநேர வேலை, காசு வைச்சிருக்கிறா.